சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம்

குமுளி
12.2.2003

அக்காவுக்கு ஸ்டான்லி எழுதுவது.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அதை அனுப்பத்தான் இந்தக் கவர். வெறும் காகிதத்தை மட்டும் அனுப்பினால் "நாலு வரி எழுத உனக்குக் கை வலிக்குதா" என்று கேட்பாய், அதனால் நாலு வரி.

ஏரிக்குப் போகும் பாதையில் புதிதாக ஒரு லாட்ஜ் கட்டுகிறார்கள் என்றேனே, அங்கே தோட்டம் போடும் வேலை நமக்கே கிடைத்துவிட்டது. குரோட்டன்ஸ், செம்பருத்தி, தொட்டிச் செடி எல்லாம் சேர்த்து நாலாயிரம். அப்பா தேனியில் நர்சரி போட்ட நாளிலிருந்து இத்தனை பெரிய ஆர்டர் வந்ததில்லை. முதலாளி கோட்டயத்துக்காரர். அவருடைய பங்குதாரர் ஒரு வெள்ளைக்கார அம்மா. அந்த அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். செடி வளர்க்கிற இடத்திலும், நமக்கு மண்ணும் பையும் சட்டியும் தருகிறவர்கள் இடத்திலும் கொத்தடிமையாக யாரும் இல்லை என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். முதலாளிச் சேட்டனே சிரிக்கிறார், ஒரு கையெழுத்துதானே என்கிறார்.

நர்சரி உன் பேரில் இருப்பதால் நீதான் போட வேண்டும். உன்னிடம் வேலை செய்கிற முத்துலட்சுமி உன்னை மிரட்டாமல் இருந்தாலே பெரிய விஷயம், நீ யாரை அடிமையாக வைத்திருக்கப் போகிறாய்! மண் நிரப்பிய பைகளைக் கடமலைக்குண்டிலிருந்து தருகிறவர் என் மாமனார். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? கீழே கையெழுத்து, பக்கத்தில் சீல். சீக்கிரம் அனுப்பு.

சுகந்தி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி ஸ்டான்லி


தேனி
17.2.2003

ஸ்டான்லிக்கு,

நலமா என்று கேட்கவில்லை, நேற்று போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. போனில் சொல்ல முடியாத சங்கதி என்பதால் எழுதுகிறேன். உன் வீட்டு போனுக்குப் பக்கத்தில் சுகந்தி இருப்பாள். இது அவள் அப்பாவைப் பற்றியது. அதனால்தான் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

உன் காகிதத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

போன வாரம் உன் மாமனாருடைய லாரி பைகளோடு வந்தது. இறக்குவதற்கு எப்போதும் வருகிற ஜக்கம்மா வந்திருந்தாள். உனக்கு ஞாபகம் இருக்காது. மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருப்பாள், ஒரு பை கூட உடையாமல் இறக்குவாள். அன்றைக்கு இறக்கிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். குழாயடிக்குக் கூட்டிப்போய் என்னவென்று கேட்டேன்.

"எங்க ஆத்தா செத்துப் போச்சுக்கா. மயிலாடும்பாறையிலதான். பதினாலு மைலு கூட இல்ல. மூஞ்சி பாக்கப் போகல" என்றாள்.

ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"வெளிய போகணும்னா ஆளு வச்சுட்டுத்தான் போகணும். நான் போனா எங்க வீட்டுக்காரரும் புள்ளையும் அங்கன இருக்கணும். எழவு வீட்டுக்குப் புருசனும் புள்ளையும் இல்லாம ஒத்தையில போய் நின்னா என்னான்னு சொல்றது? மூணு பேரும் போறோம்னு கேட்டதுக்கு மொதலாளி, ஒரேயடியாப் போயிருவியன்னு சொல்லிட்டாக. ரேசன் கார்டும் அவுக பீரோவுலதான் இருக்கு."

ஏழு குடும்பமாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கிய முன்பணம், இன்னும் தீரவில்லையாம். எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு பாக்கி என்று அவளுக்குத் தெரியாது. இங்கே வந்து இறக்குகிற நாளெல்லாம் அவளுடைய மகள் மாயக்காள் அங்கே பிணையாக இருந்திருக்கிறாள். பத்து வயசுப் பிள்ளை. இரண்டு வருஷமாக அந்தப் பைகளை வாங்கிச் செடி வைத்து விற்றவள் நான். நீ சிரித்த காகிதத்தைத் தலைகீழாகப் படித்தாலும் பதில் ஒன்றுதான்.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை, 28ஆம் தேதி, நானே வந்து மூன்று பேரையும் கூட்டிப்போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "நெசமாவாக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வாடகைக் கார் சொல்லியாகிவிட்டது. போய்க் கொட்டகையை என் கண்ணால் பார்த்துவிட்டு, உன் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசி, அவர்களைக் காரில் ஏற்றுவேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நான் வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாதே. சுகந்தியிடமும் வேண்டாம். சொல்ல மாட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா


குமுளி
22.2.2003

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில்தான்.

அப்பா போனபோது பெட்டி சொன்னதிலிருந்து பந்தலைப் பிரித்தது வரை யார் பார்த்தது? நீ அழுதுகொண்டு மூலையில் கிடந்தாய். எல்லாம் ஞானமுத்து மாமாதான் பார்த்தார். அவரைப் போய்க் கொத்தடிமை வைத்திருக்கிறார் என்கிறாய். முன்பணம் கொடுத்தவன் ஆள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ள மாட்டானா? ஆள் வைத்துப் போகச் சொல்வது அந்தப் பக்கம் எல்லா இடத்திலும் இருக்கிற வழக்கம்தானே. இருக்க இடம் கொடுத்திருக்கிறார், பண்டிகைக்குத் துணி எடுக்கிறார். அவர்களில் யாரை மாமா கட்டிப் போட்டிருக்கிறார்?

போக வேண்டுமென்றால் போ. நீ பிடித்தால் விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் தம்பிக்குப் பெண் எடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது போலீஸ்காரன் வேலை. சரி, நீ கேட்டதால் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போனால் கை நனைக்காமல் வந்துவிடாதே. அத்தை அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை, அதை நினைத்துக்கொள்.

ஸ்டான்லி


தேனி
1.3.2003

ஸ்டான்லி,

நேற்று போனேன்.

நான் காரை விட்டு இறங்கும்போதே வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. அத்தை புதுச் சேலை கட்டியிருந்தார்கள். "வாங்க தாயி, இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார்கள். உள்ளே கோழிக் குழம்பு வாசனை. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் எட்டுப் பேருக்குச் சமையல்.

கொட்டகையை முதலில் பார்த்துவிடுகிறேன் என்றேன். மாமா என் கையைப் பிடிக்காத குறை. "கொட்டக எங்கிட்டு ஓடிப்போகுது? வெயில்ல வந்திருக்கீக. சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்" என்றார். நீ எழுதியது ஞாபகம் வந்தது. சாப்பிடாமல் எழுந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம், எனக்கும் தெரியும். மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டேன். நடுவில் வீட்டுக்குப் பின்னால் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. "மண்ணு வண்டி" என்றார் மாமா.

கொட்டகைக்குப் போனபோது ஆள் இல்லை. ஏழு குடும்பத்தில் ஒரு குஞ்சு கூட இல்லை. பாதி நிரப்பிய பைகள் அப்படியே கிடந்தன. ஒரு அடுப்பில் கஞ்சி கொதித்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இறக்கி வைக்கக் கூட அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. நான்தான் சேலைத் தலைப்பால் பிடித்து இறக்கி வைத்தேன்.

"கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்காக" என்றார் மாமா. அடுப்பை எரியவிட்டா போவார்கள் என்று கேட்டேன். "அதுகளுக்கு என்ன தெரியும்" என்றார்.

நான் வருவது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஜக்கம்மாவுக்கு, எனக்கு, உனக்கு. ஜக்கம்மா தனக்குத் தானே லாரி வரவழைத்திருக்க மாட்டாள்.

யார் சொன்னது?

அக்கா


குமுளி
10.3.2003

அக்கா,

நான் சொல்லவில்லை. பைபிள் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைக்கிறேன். அவர்கள் வீட்டில் என்றைக்கும் நாலு பேருக்குக் கூடத்தான் சமைப்பார்கள், உனக்கு அந்த வழக்கம் தெரியாது. கொடைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். வராவிட்டால் முன்பணத்தோடு ஓடிவிட்டார்கள் என்று அர்த்தம், நஷ்டம் மாமாவுக்குத்தான்.

நீ மாமா மேல் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்ததைச் சுகந்தி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

அந்தக் காகிதத்தில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நர்சரி சீல் என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆர்டர் போய்விடக் கூடாதல்லவா.

ஸ்டான்லி


தேனி
5.6.2004

ஸ்டான்லிக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது எழுதி. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கேக்கை முத்துலட்சுமி எடுத்துக்கொண்டாள். இது வியாபாரக் கடிதம் என்று வைத்துக்கொள்.

இனி குமுளிக் கடை உன்னுடையது, தேனி நர்சரி என்னுடையது. நர்சரி சீலைத் திருப்பி அனுப்பிவிடு. மண் பையை நாங்களே வடுகபட்டியில் நிரப்பிக்கொள்கிறோம். பாண்டியம்மாள் என்றொரு பெண் பொறுப்பாக இருக்கிறாள். கூலி சனிக்கிழமை கையில். முன்பணம் யாருக்கும் கிடையாது, அவசரமென்றால் சும்மா கொடுப்பேன். பாண்டியம்மாள் "இப்பிடிக் குடுத்தா நீங்க தெருவுக்கு வந்துருவீகக்கா" என்கிறாள். குடும்பத்தோடு வெளியூர் போகிறோம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. சட்டி வாங்குகிற சூளைக்கு மாசம் ஒரு தடவை போகிறேன். எந்தத் தேதி, எந்த நேரம் என்று சொல்வதில்லை. போன இடத்தில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கியாகிவிட்டது. சர்ச்சில் அத்தைமார் என் பெஞ்சில் உட்காருவதில்லை, சம்பந்தியை ஆபீஸ் வாசலில் நிறுத்தியவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள்!

மனுவால் ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிகள் வந்தார்கள். காலிக் கொட்டகையில் அவர்கள் எதைப் பார்ப்பார்கள்? மயிலாடும்பாறைக்கு மூன்று தடவை போய்வந்தேன். ஜக்கம்மாவின் அண்ணன் வீடு பூட்டியே கிடக்கிறது. அவளைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

இதையெல்லாம் முன்பே செய்திருக்க வேண்டும். ஏழு குடும்பத்தைத் தொலைத்துவிட்டு இப்போது ஒழுங்காக இருக்கிறேன்.

ஜெபஷீலா


குமுளி
19.8.2007

அக்கா,

இதைப் படிக்காமல் கிழித்துவிடாதே.

போன மாசம் மாமா இறந்ததை உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். நீ வராததில் எனக்கு வருத்தம் இல்லை. நினைவு ஆராதனை முடிந்து லாரியை விற்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். பழைய டிரைவர் கருத்தக்கண்ணன் சாவி கொடுக்க வந்திருந்தான். கொஞ்சம் குடித்திருந்தான். "மாப்ள, உங்க அக்கா வந்த அன்னைக்கு நாப்பது நிமிசத்துல ஏழு குடும்பத்தையும் ஏத்துனேன். மொதலாளி எனக்கு மோதிரம் போட்டாக" என்று பெருமையாகச் சொன்னான்.

எங்கே இறக்கினாய் என்று கேட்டேன். ஆறு குடும்பத்தை ஆந்திராப் பக்கம் ஏதோ ஒரு வேலைக்கு அனுப்பினார்களாம், ஊர் பேர் அவனுக்குத் தெரியவில்லை. ஜக்கம்மா குடும்பத்தை மட்டும் கூடலூருக்கு மேற்கே மாமாவின் சிநேகிதர் தோட்டத்தில் இறக்கினானாம். லான் போடுவதற்கு வேரோடு வெட்டிப் பாய் மாதிரி சுருட்டி விற்கிற புல் தோட்டம்.

அக்கா, நான் நாலரை வருஷமாகப் புல் வாங்குவது அந்தத் தோட்டத்தில்தான். அந்த வெள்ளைக்கார அம்மாவின் லாட்ஜுக்குப் போட்ட லானும் அந்தப் புல்தான். மாமாதான் ஏற்பாடு செய்து கொடுத்தார். புல் என் கடை வாசலுக்கே வந்துவிடும், அதனால் ஒரு நாள் கூட அங்கே போய்ப் பார்த்ததில்லை. அதை என் கையால் விரித்து, தட்டி, தண்ணீர் விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அத்தைக்கு போன் பண்ணியது நான்தான். புதன்கிழமை சாயங்காலம். ஜக்கம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை. "வெள்ளிக்கிழமை அக்கா வருது, வெறும் ரசத்த வச்சு அனுப்பிறாதீக, கோழி அடிங்க" என்று மட்டும் சொன்னேன். என் அக்கா போய் நிற்கிற இடத்தில் அடுப்பு பற்றவைக்காமல் இருந்தால் எனக்கு அவமானம் என்று நினைத்தேன். அத்தனை வருஷத்தில் தனியாக வராதவள் ஏன் வருகிறாள் என்று மாமா யோசித்திருக்கிறார். பைபிள் மேல் கை வைக்கிறேன் என்று எழுதினேனே, அந்த வரி இத்தனை வருஷமும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

என்ன செய்யட்டும், சொல்.

ஸ்டான்லி


தேனி
23.8.2007

ஸ்டான்லி,

உன்னைத் திட்ட இப்போது நேரமில்லை. அதற்கென்று ஒரு நாள் வைத்திருக்கிறேன்.

நாளைக்கே மனு கொடுக்கிறேன். இந்தத் தடவை இடமும் பேரும் இருக்கிறது, அதிகாரிகள் எந்த நாளும் கிளம்பி வரலாம். எனக்கு மூட்டுவலி, வரப்பில் நடக்க முடியாது. வழி காட்ட நீ போக வேண்டும். அதுவரை வழக்கம்போல் புல் வாங்கு, வழக்கம்போல் சிரி. சுகந்தியிடம் சொல்லாதே. அங்கே யார் கூப்பிட்டாலும் உட்காராதே.

அக்கா


குமுளி
7.9.2007

அக்கா,

நேற்று காலையில் போனோம். இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. தோட்டக்காரர் "வாங்க மாப்ள, டீ சாப்டுட்டுப் பேசலாம்" என்றார். நான் பதில் சொல்லாமல் அதிகாரிகளை நேராகப் புல் வெட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

மூன்று பேரும் இருந்தார்கள். ஜக்கம்மாவின் வீட்டுக்காரர் மொக்கைச்சாமிக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை, புல் வெட்டும் கத்தி பட்டதாம். மாயக்காள் அம்மா உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. பேர் எழுதத் தெரியுமா என்று அதிகாரி கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டது. விடுதலைச் சான்று எழுதிக் கொடுத்தார்கள். மற்ற ஆறு குடும்பத்தைப் பற்றி ஜக்கம்மாவுக்கும் தெரியவில்லை. தேடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள்.

நான் யார் என்று ஜக்கம்மா கேட்டாள். தேனி நர்சரி அக்காவின் தம்பி என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு துணி மூட்டையைக் கட்டப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புல் வாங்குவதை விட்டுவிட்டேன். சுகந்தி என்னோடு பேசுவதில்லை. நான் போட்ட லான்களைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. எல்லாம் நன்றாகப் பிடித்துப் பச்சைப்பசேலென்று இருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஸ்டான்லி


தேனி
21.10.2007

தம்பிக்கு,

நேற்று மயிலாடும்பாறை போயிருந்தேன். உன்னைத் திட்டுவதற்கு வைத்திருந்த நாளை இதற்கே செலவழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஜக்கம்மா அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை போட்டு இருக்கிறாள். வடுகபட்டியில் வேலை இருக்கிறது, வீடு பார்த்துத் தருகிறேன், வா என்றேன். "கோவமில்லக்கா. ஒருத்தர் எடத்துல தங்கி வேல பாக்கவே மனசு வரல. அன்னன்னைக்குக் கூலிக்குப் போய்ட்டு எங்க வீட்டுக்கு வந்து படுத்துக்கிர்றோம்" என்றாள். மாயக்காளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றேன். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுகிறதாம். என்னிடம் கொடுப்பதற்கு இருந்ததெல்லாம் அவ்வளவுதான், அதில் எதுவும் அவளுக்கு வேண்டியதாக இல்லை.

உன் போனைப் பற்றிச் சொன்னேன். என் தம்பி வாயால்தான் இந்தக் கதி வந்தது என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, என்னைத் தேற்றுவதற்காக என்றுதான் நினைக்கிறேன், அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க வந்தீகன்னு எங்களுக்குத் தெரியும்க்கா. லாரி உங்க சன்னலுக்குப் பின்னாலதான் நின்னுச்சு. வண்டியேற வர்றப்ப வாசல்ல உங்க செருப்பு கெடந்ததப் பாத்தோம். அக்கா வந்துட்டாகன்னு மாயக்கா கத்தப் போச்சு. நான்தான் வாயப் பொத்துனேன். சோத்துல கை வச்சவுகள எழுப்பக் கூடாதுல்லக்கா. சாப்பிட்டு முடிச்சு எந்திரிச்சு வருவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டாக."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குறை சொல்கிற சாயலே இல்லை. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

தம்பி, நீ போன் பண்ணியதை நாலரை வருஷம் மறைத்தாய். நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டேன் என்று உனக்கு எழுதினேன். மனுவிலும் அப்படித்தான் எழுதினேன். அது பொய். காலையிலிருந்து வெறும் வயிறு, அத்தை கைப்பக்குவமும் நன்றாக இருந்தது. முதல் சோறு முடிந்ததும் போதுமா என்று கூட அவர்கள் கேட்கவில்லை. நானாகத்தான் மறுசோற்றுக்குத் தட்டை நீட்டினேன். லாரி கிளம்புகிற சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

ஜக்கம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அக்கா